எட்டு கப் மாவின் எடை

மனைவியின் நோட்டில் கிராம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மாவு எட்டு கப். சர்க்கரை ஐந்து கப். வெண்ணெய் நான்கு பாக்கெட். முட்டை பதினாறு. ஆரஞ்சுச் சாறு இரண்டு கப். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "பழத்தோல் துருவல், அண்ணன் பார்க்காதபோது இன்னும் கொஞ்சம்" என்று எழுதியிருந்தாள்.

அவள் இறந்து பதினான்கு மாதம். காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாவது நாள் போய்விட்டாள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் இருக்கிறேன் என்றேன்.

பேக்கரி அவளுடைய அண்ணனுடையது. எனக்கு மச்சான். முன்னால் கடை, பின்னால் ஓவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பின்கட்டில் நின்று அவள்தான் அந்த ஆரஞ்சு கேக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் அவளைச் சின்ன வயதிலிருந்து வாயாடி என்றுதான் கூப்பிடுவார். கேக்குக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. லேபிளில் அச்சடித்தார்கள். தெருவில் போகிறவர்கள் காரை நிறுத்தி "ரெண்டு வாயாடி பார்சல்" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து இவள் "ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு வேலையா இருக்கு" என்று குரல் கொடுப்பாள்.

அவள் போனபின் யாரும் அதைப் போடவில்லை. கேட்டவர்களிடம் மச்சான், கொஞ்ச நாள் ஆகட்டும் என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மச்சான் அந்த நோட்டையும் அவள் மாவு அளக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேராக என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார். நான் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் இருக்கிறேன். மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் வரும். சலிப்போம், நிறுப்போம், உடைப்போம், சான்றிதழ் கொடுப்போம். அப்போது ஒரு கான்கிரீட் கட்டி இயந்திரத்தில் இருந்தது. அது உடையும்வரை மச்சான் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மாப்ள, மண்ணையும் கல்லையும் நிறுத்தே பொழப்பு நடத்துறவன் நீ. நாலு கப் மாவ நிறுத்துத் தரமாட்டியா?"

"எட்டு கப்."

"சரி எட்டு. சண்டைக்கு வராத."

விஷயம் இதுதான். அலுவலகங்களில் கேன்டீன் நடத்தும் ஒரு கம்பெனி வாயாடியைக் கேட்டிருந்தது. முப்பத்தெட்டு கேன்டீன். அது கிடைத்தால் மச்சான் புது ஓவன் வாங்குவார். இப்போதிருக்கும் ஓவனில் இடது பக்கம் சூடே ஏறாது. ஆனால் கம்பெனிக்குச் செய்முறை கிராமில் வேண்டும். கப், கரண்டி, பிடி எதுவும் செல்லாது. படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று பேக்கரி உரிமையாளர். இன்னொன்று செய்முறைக்கு உரியவர், அவர் இல்லையென்றால் வாரிசு. அது நான். லேபிளில் அந்தப் பெயர் இருக்கும்வரை என் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

"செவ்வாக்கிழமை அந்தக் கம்பெனி மேடம் வந்து ருசி பாக்கும். வெள்ளிக்கிழமை கையெழுத்து," என்றார் மச்சான். "நீ கணக்க மட்டும் போட்டுக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்றே ஆரம்பித்தேன். அடுத்தவர் பாத்திரத்தின் கொள்ளளவை நம்பக்கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். தராசில் கப்பை வைத்து, எடையைச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். 248 கிராம். ஐந்து முறை செய்தேன். அரை கிராமுக்குமேல் மாறவில்லை. ஆக, கப் 248 மில்லி. மேடம் அனுப்பியிருந்த அட்டவணையில் 240 மில்லி கப்புக்கு மாவு 120 கிராம். விகிதம் போட்டால் 124. எட்டு கப்புக்கு 992. சர்க்கரைக்கும் சாற்றுக்கும் அப்படியே போட்டேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு மாதத்தில் ஒரு காரியத்தை முழுதாக முடித்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை மதியம் கேக்கைப் போட்டது ஓவன் அக்கா. மச்சான் கடையில் பன்னும் ரொட்டியும் சுடுகிறவர். ஓவன் பக்கமே முகத்தை வைத்து வேலை செய்வதால் அந்தப் பெயர். தாளைப் பார்த்து ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்தார். மாவைக் கொட்டும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கேக் வெளியே வந்தது. நடுவில் லேசாக அமுங்கியிருந்தது. மேடம் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு துண்டை அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார், தின்றார். இன்னொரு துண்டும் தின்றார்.

"ரொம்ப சாஃப்ட்டா இருக்கு. நாங்க எதிர்பாத்தத விட நல்லா இருக்கு சார்."

மச்சானின் முகத்தில் புது ஓவன் தெரிந்தது.

நான் ஒரு துண்டை எடுத்து டீயில் நனைத்தேன். நான்கு வருடம் தினமும் மாலை நான்கு மணிக்கு, சோதனைக் கூடத்தில் தூசி படிந்த மேசைமுன் உட்கார்ந்து அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். துண்டு நனையும், ஆனால் நிற்கும். இது விரலிலிருந்து கழன்று டம்ளருக்குள் விழுந்து கரைந்துபோனது.

"இது அவ போட்டது இல்ல," என்றார் ஓவன் அக்கா.

"உங்கள யாரு கேட்டது அக்கா?" என்றார் மச்சான்.

"யாரும் கேக்கலதான். வாயிருக்கு, சொன்னேன்."

"எங்கயோ தப்பு இருக்கு," என்றேன். "திரும்பப் பாக்கணும்."

மேடம் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அட்டவணைப்படி சரியாத்தானே சார் போட்டிருக்கீங்க. உலகம் பூரா ஒரு கப் மாவுன்னா நூத்திருபதுதான். சாம்பிள் ஆபீசுக்குப் போயிடுச்சுன்னா அதுதான் ஃபைனல்."

"அத எடுத்துட்டுப் போகாதீங்க."

"எடுத்துக்கோங்க மேடம்," என்றார் மச்சான்.

அவர் எடுத்துக்கொண்டு போனார்.

மச்சான் என்னை மாவு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "நல்லா இருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. உனக்கென்ன?"

"இது வாயாடி இல்ல."

"மாப்ள, ஆளே இல்ல. ஆள் போனப்புறம் கேக் எப்படி இருந்தா என்ன?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இருந்தவர் அவர். ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குள் எதையோ எழுப்பிவிட்டது. பதினான்கு மாதமாக ஒன்றுமே எழவில்லை.

"அவ இருந்தா மாத்திக்கலாம் மச்சான். அவளே வந்து இன்னைக்கு இப்படிப் போட்டேன்னு சொல்லலாம். இப்ப அவ வந்து சொல்ல முடியாது. அதனால ஒரு கிராம்கூட மாறக்கூடாது. மாறினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மச்சானுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "நீங்க படிச்சவங்க," என்றார். "உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமைவரைக்கும் பாருங்க. அப்புறம் நான் உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்."

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். மச்சான் கல்லாவில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. பின்கட்டில் ஓவன் அக்கா பன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவ மாவு எப்படி அளப்பா?"

"நான் எங்க தம்பி பாத்தேன். எனக்கு ஓவன்தான் தெரியும். முதுகுக்குப் பின்னாலதான் அவ நிப்பா."

"ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் இல்லாம என்ன. காதே போயிருக்கும். கப்ப மாவு டிரம்முக்குள்ள விட்டு அள்ளுவா, அப்புறம் டிரம் விளிம்புல வச்சு டொக்கு டொக்குனு அடிப்பா. பேசிக்கிட்டே அடிப்பா. பேச்சு நீளமா இருந்தா அடியும் நீளும். 'அடியே, மாவு செத்துருச்சு, விடு'ன்னு நான் கத்துவேன். அப்பதான் நிறுத்துவா."

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மணலுக்கு ஒரே எடை கிடையாது. ஒரு பாத்திரத்தில் சும்மா கொட்டினால் ஒரு எடை. மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு இருபத்தைந்து தடவை கம்பியால் குத்தினால் இன்னொரு எடை. பாத்திரம் ஒன்றுதான், மணல் ஒன்றுதான். இடையிலிருந்த காற்று வெளியே போய்விடும், அவ்வளவுதான். ஆறு வருடமாக வாரத்துக்கு நான்கு முறை இதைச் செய்து இரண்டு எண்களையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அப்படிப்பட்டவன் தண்ணீர் ஊற்றிக் கப்பை ஐந்து முறை சரிபார்த்தேன். தண்ணீரை எத்தனை தட்டினாலும் அமுங்காது. மாவு அமுங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சிரிக்கிறியா தம்பி?" என்றார் ஓவன் அக்கா.

"இல்ல அக்கா."

"சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிச்சா தப்பில்ல."

தராசை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். கரண்டியால் மெதுவாக நிரப்பிய கப் 123 கிராம். அட்டவணை சொன்னது அதைத்தான். கப்பை உள்ளே விட்டு அள்ளி வழித்தால் 137. ஒரு தட்டு தட்டினால் குழி விழும். மேலே நிரப்பி வழிக்க வேண்டும். 144. இரண்டு தட்டுக்கு 149. நான்குக்கு 154. ஆறுக்கு 158. அதற்குமேல் நான் எவ்வளவு அடித்தாலும் அநேகமாக ஏறவில்லை.

ஆனால் அவள் எத்தனை தட்டு தட்டுவாள்? பேச்சைப் பொறுத்தது. மழையைப் பற்றி என்றால் இரண்டு, என் அம்மாவைப் பற்றி என்றால் ஆறு. ஓவன் அக்கா தந்த தகவல் அது. ஒரு கப்பை வைத்து முடிவு சொல்ல முடியாது. நிறைய கப் வேண்டும், அவள் கையால் அளந்த கப் வேண்டும். அவள் கை இல்லை.

மத்தியானம் மாவு அறையில் சும்மா நின்றேன். அங்கே பன்னுக்கு ஒரு மாவு, வாயாடிக்கு வேறு மாவு. வாயாடி மாவு மூட்டைகள் சுவரோரம் தனியாக இருக்கும். பக்கத்தில் கதவின் உட்புறம் பென்சில் கோடுகள். நேற்று மச்சான் சாத்தியபோதும் அவை அங்கேதான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. சின்னச் சின்னக் கோடுகள், நடுவில் ஒரு நீளக்கோடு, மறுபடி சின்னக் கோடுகள்.

மச்சானைக் கூப்பிட்டேன். வந்தார்.

"இது என்ன?"

"அவ கிறுக்கினது. புது மூட்டை பிரிச்சா நீளமா ஒரு கோடு. ஒரு தடவை கேக் போட்டா சின்னதா ஒரு கோடு. மூட்டை முடியப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே சொல்றதுக்கு. சொல்லலன்னா நான் வாங்க மறந்துடுவேனாம்." கொஞ்சம் நிறுத்தி, "மறந்துடுவேன்தான்," என்றார்.

"இந்த மாவ வேற எதுக்காவது எடுப்பாளா? டின்னுக்குள்ள தூவுவாளா?"

"தூவமாட்டா. வெண்ணெத்தாள்தான்."

முழுதாக முடிந்த மூட்டைகள் ஆறு. எண்ணினேன். இருபது, இருபது, இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது, இருபத்தொன்று. மொத்தம் நூற்று இருபத்தொன்று. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. ஆறு மூட்டைக்கு நூற்றைம்பது. நூற்று இருபத்தொன்றால் வகுத்தால் ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். எட்டால் வகுத்தால் கப்புக்கு நூற்று ஐம்பத்தைந்து.

கிட்டத்தட்ட ஆயிரம் கப். எல்லாம் அவள் அள்ளியவை. மழை, என் அம்மா, விலைவாசி, மச்சானின் வழுக்கை என்று எல்லாப் பேச்சும் அதில் சேர்ந்திருந்தது. அதன் சராசரி 155.

என் தாளில் இருந்தது 124. ஐந்தில் ஒரு பங்கு மாவைக் காணோம். கேக் ஏன் அமுங்காது?

சர்க்கரையையும் தட்டிப் பார்த்தேன். அது மாவைப்போல இல்லை, கப்புக்கு நாலைந்து கிராம்தான் கூடியது. அதையும் திருத்தினேன். வியாழக்கிழமை ஓவன் அக்காவும் நானும் மறுபடி போட்டோம். கேக் நடுவில் எழும்பி, மேலே ஒரு வெடிப்போடு வந்தது. டீயில் நனைத்தேன். நின்றது. ஓவன் அக்கா ஒரு துண்டைத் தின்றுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓவன் சூடு என்றார். நான் இன்னொரு துண்டு எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் படிவத்தோடு வந்தார். சாம்பிள் தேறிவிட்டது, தலைமை ஆபீசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றார். படிவத்தில் மாவு 992 கிராம் என்று அச்சாகியிருந்தது.

"இந்த எண் தப்பு," என்றேன். "1240."

"சார், அட்டவணைல…"

தராசை மேசையில் வைத்தேன். கப்பை மூன்று விதமாக நிரப்பிக் காட்டினேன். 123. 137. 155. "இதுல எது கப்னு உங்க அட்டவணை சொல்லுதா மேடம்?"

அவர் கொஞ்ச நேரம் தராசைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். "சொல்லல," என்றார்.

"உங்க அட்டவணை கரண்டில போட்டவங்க கப். அவ டிரம்ல அடிச்சவ."

புது கேக்கை வெட்டிக் கொடுத்தேன். நிதானமாகத் தின்றார். "உண்மையச் சொல்லட்டுமா சார்? எனக்கு அதுதான் பிடிச்சுது. இது கொஞ்சம் கெட்டி. எங்க ஆபீசும் அதத்தான் ஓகே பண்ணிருக்கு."

"பிடிக்கலாம். நல்லாவும் இருக்கலாம். ஆனா அது வாயாடி இல்ல. அத நீங்க எடுத்துக்கோங்க, வேற பேரு வச்சுக்கோங்க. இந்தப் பேரப் போட்டா இந்த எடை. ரெண்டுல ஒண்ணு."

"பேருதான் சார் முக்கியம். அந்தப் பேருக்குத்தான் கேன்டீன்ல கேக்கறாங்க. பேரு இல்லாட்டி பத்துப் பன்னெண்டு கேன்டீன் எடுத்தாலே அதிகம்."

"மாப்பிள்ளை," என்றார் மச்சான். 'மாப்ள' முழுச் சொல்லாகும் அளவுக்கு மரியாதை ஏறியிருந்தது. "நீங்க தயவுசெஞ்சு கையெழுத்துப் போடுங்க. முப்பத்தெட்டு. ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன் மச்சான். போடமாட்டேன்."

"உங்களுக்கு மட்டும்தான் அவ போனாளா? எனக்குத் தங்கச்சி இல்லையா?"

"ஆமா. அதனால நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்க. இன்னும் சாப்பிடல நீங்க."

அது உண்மை. நேற்றும் சாப்பிடவில்லை, இன்றும் தொடவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம். ஒரு துண்டை எடுத்தார். மென்றார். மெல்லுவது மெதுவாகி நின்றது. வாயில் இருந்ததை விழுங்காமல் முன்பக்கம் கடைக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ரொட்டி கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓவன் அக்கா ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சான் திரும்பி வந்தார். மேசையில் கிடந்த படிவத்தை எடுத்தார். லேபிளின் மாதிரி ஒட்டியிருந்த இடத்தில் நகத்தை விட்டு, கிழியாமல் மெதுவாக அந்த லேபிளை உரித்தார்.

"கேக் உங்களுக்கு மேடம். எத்தன கேன்டீனோ அத்தன குடுங்க. பேரு இங்கயே இருக்கட்டும்."

"சார், அப்ப முப்பத்தெட்டு…"

"தெரியும்மா. எனக்கும் கணக்கு வரும்."

மேடம் போனபிறகு என்னைப் பார்த்தார். "ஓவன் போச்சு. திருப்தியா உங்களுக்கு?"

"திருப்தி."

"நல்லா இருங்க."

அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் போனேன். மச்சானே பின்கட்டில் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, பெரிய பாத்திரத்தைத் தராசில் வைத்து மாவைக் கொட்டிக்கொண்டிருந்தார். எண் ஏறிக்கொண்டே போய் 1250இல் நின்றது. கையைத் தட்டிக்கொண்டார்.

"பத்து கிராம் அதிகம்," என்றேன்.

"ஆயிரத்து இருநூத்தம்பதுன்னா ஒரு மூட்டைக்குக் கச்சிதமா இருபது தடவ வரும் மாப்ள. மிச்சம் மீதி இல்ல. பத்து கிராம்ல என்ன குடியா முழுகிடப்போகுது?"

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது."

"நானும் வாயாடிக்கு அண்ணன்தான், தெரிஞ்சுக்கோ. நாள் பூரா பேசுவேன்."

"பேசுங்க. ஆயிரத்து இருநூத்தி நாப்பது."

அவர் ஓவன் அக்காவைப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கரண்டியை எடுத்து, மாவைக் கொஞ்சமாக அள்ளி மூட்டையில் திருப்பிப் போட்டார். 1243. இன்னொரு முறை, கரண்டி முனையால். 1240.

"போதுமா?"

"சர்க்கரைய நிறுங்க," என்றேன்.